குன்றின்மேல் ஒரு நெசவூர்

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் ஹெப்டன் பிரிட்ஜ் நகருக்கு மேலே, குன்றின்மீது அமைந்த சிற்றூர் ஹெப்டன்ஸ்டால். அங்குள்ள பழைய கல்வீடுகளில் சன்னல்கள் வரிசை வரிசையாக அமைந்திருக்கக் காணலாம். அவை அழகு கருதி வைக்கப்பட்டவை அல்ல. பகலொளியே அந்நாளில் கைத்தறியாளனுக்கு விளக்கு. மேட்டு நிலத்து உழவு வயிற்றுக்குப் போதாமையால் மக்கள் வீட்டிலேயே கம்பளி நெய்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆற்றுநீரால் இயங்கும் ஆலைகள் பள்ளத்தாக்கில் எழுந்தன. பின்னர் நீராவியும் வந்தது. தொழில் மலையிறங்கிற்று, பிழைப்பைத் தேடி மக்களும் இறங்கினர். பழைய வீடுகள் இன்றளவும் எஞ்சியிருப்பதற்கு அவ்வூரார் பற்றைவிட, இடித்துக் கட்டப் பணமின்மையே பெருங்காரணம் என்பது என் கருத்து. தேவாலயம் மட்டும் புதிதாயிற்று. 1847ஆம் ஆண்டுப் புயலில் சேதமுற்ற பழைய ஆலயம் கூரையின்றி நிற்க, அதே வளாகத்தில் 1854இல் புதியது கட்டி முடிக்கப்பட்டது.