சிவப்பு நாடா

அரசாங்க அலுவலகத்தில் நம் விண்ணப்பம் மாதக்கணக்கில் நகராமல் கிடந்தால், "எல்லாம் சிவப்பு நாடாவின் மகிமை" என்று சலித்துக்கொள்கிறோம். 'ரெட் டேப்' என்னும் ஆங்கில வழக்கைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததே இத்தொடர். வடபுலத்தில் வாழும் நம்மவர் இதே பொருளில் 'லால் ஃபீத்தாஷாஹி' என்பதைக் கேட்டிருப்பர். அதிலுள்ள 'ஃபீத்தா' போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சொல். தமிழ்த் தொடரை நினைத்துக்கொண்டு அங்கே 'நாடா' என்றுவிடாதீர்கள். அது பைஜாமாவின் இடுப்புக் கயிற்றைக் குறிக்கும்!

உவமையாவதற்கு முன் அது உண்மையான நாடாவாகவே இருந்தது. இங்கிலாந்தில் வழக்கறிஞர்களும் அரசாங்க எழுத்தர்களும் பத்திரங்களைச் சுருட்டியோ மடித்தோ செந்நிற நாடாவால் கட்டி வைத்தனர். 1530-ல் எட்டாம் ஹென்றி மன்னரின் மணவிலக்குக்காகப் போப்பாண்டவருக்குச் சென்ற மனுவில் தொங்கிய சிவப்புப் பட்டையே இவ்வழக்குக்கு மூலம் என்று கதை சொல்வாரும் உளர். ஆனால் தாமதத்தைக் குறிக்கும் இடித்துரையாக இச்சொல் வழங்கத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டில்தான். இடையிலுள்ள 200 ஆண்டு மௌனத்திற்கு அக்கதையில் விடையில்லை.

அந்நாடாவின் நிறத்துக்கு நம் நாட்டோடு உறவுண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அதற்குச் சாயம் தந்தவற்றுள் ஒன்று குசும்பாப் பூ. அப்பூவின் சாயச்சரக்கு வங்காளத்திலிருந்து கப்பலேறிற்று. டாக்காச் சரக்குக்குத் தனி மதிப்பு இருந்தது. குசும்பாச் சிவப்பு ஒளிபட்டால் வெளிறும் தன்மையது. இன்றும் ஆங்கில வழக்கறிஞர்களின் கட்டுகளைச் சுற்றும் நாடா, பெயரளவில் சிவப்பாயினும், பார்வைக்கு இளஞ்சிவப்பே.

இச்சொல்லை ஊரறியச் செய்த பெருமை கார்லைலையும் சார்லஸ் டிக்கன்ஸையும் சாரும். 1850-ல் டிக்கன்ஸ் ஓர் ஏழைத் தொழிலாளியின் கதையை எழுதினார். தான் கண்டுபிடித்த கருவிக்குக் காப்புரிமை கோரும் அம்மனிதன் முப்பதுக்கும் மேற்பட்ட படிகளைக் கடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மேசையிலும் கட்டணம் வேறு. முடிவில் கைவிட்டுப்போனது 96 பவுன், 7 ஷில்லிங், 8 பென்ஸ். அதுவும் இங்கிலாந்துக்கு மட்டுமே செல்லும் உரிமை! கற்பனைக் கதைதான், எனினும் அவர் சாடிய முறை அன்று நடைமுறையில் இருந்ததே. 1852-ல் சட்டம் திருத்தப்பட்டு, காப்புரிமைக்கென ஒரே அலுவலகம் ஏற்பட்டது.

நாடாவை மட்டும் பழிப்பது எனக்கு உடன்பாடன்று. கட்டில்லாத காகிதம் காற்றோடு போகும்; போனால் பாதிக்கப்படுபவன் மனுதாரனே. ஊர்விட்டு ஊர் வந்த ஒருவருக்குப் பழைய இடத்துப் பணிப்பதிவேடு தொலையாமல் கிடைப்பதன் அருமை தெரியும். ஓய்வூதியமே அந்தக் கட்டுக்குள் அன்றோ இருக்கிறது! கட்டிய முடிச்சு குற்றமன்று. அதை அவிழ்க்க வேண்டிய கை வாளாவிருப்பதே குற்றம்.

அந்தக் கைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்ற முனைந்தவர்களுள் ஒருவர் சர் சார்லஸ் டிரெவெல்யன். இளமையில் இந்தியாவில் பணியாற்றிப் பின்னர் லண்டன் கருவூலத்தில் உயர்பதவி வகித்தவர். சிபாரிசால் உத்தியோகம் பெறும் வழக்கத்தை ஒழித்துப் போட்டித் தேர்வு வைக்க வேண்டும் என்று அவரும் நார்த்கோட் என்பவரும் அளித்த அறிக்கை 1854-ல் வெளிவந்தது. மத்திய அரசாங்கத் தேர்வெழுதித் தில்லி வந்த நம்மவர் பலர் நடந்த வழி, அன்று கோடிட்ட வழியே.

டிரெவெல்யன் 1859-ல் சென்னை மாகாண ஆளுநரானார். மறு ஆண்டு கல்கத்தா அரசாங்கம் வருமான வரி விதிக்க முற்பட்டபோது கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பைக் கோப்பிற்குள் எழுதியதோடு நில்லாமல், அதைப் பத்திரிகைகளிலும் வெளிவரச் செய்துவிட்டார். நாடாவை அவ்வாறு அவிழ்ப்பதை லண்டன் பொறுக்கவில்லை. 1860-லேயே திருப்பி அழைக்கப்பட்டார். ஆயினும் இரண்டு ஆண்டுகளில் அவரையே நிதிப் பொறுப்பேற்கக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவர் எதிர்த்த அவ்வரி 1865-ல் காலாவதியாயிற்று.