உயிரொளிப் படமெடுப்பு

ஆய்வக விலங்கின் உடலில் புகுத்திய மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு செயல்படுகிறது என்பதை, விலங்கை அறுக்காமல், அது உமிழும் ஒளியைக் கொண்டு வெளியிலிருந்தே அறியும் முறை.

ஒளியைத் தருவது பெரும்பாலும் மின்மினியின் லூசிஃபெரேஸ் நொதி. அதற்கான மரபணு 1985இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் படியாக்கப்பட்டது. ஆராயவேண்டிய மரபணுவின் இயக்குபகுதியோடு இதை இணைத்துவிட்டால், அப்பகுதி செயல்படும் செல்களிலெல்லாம் நொதி உருவாகும். லூசிஃபெரின் என்ற சேர்மத்தை ஆக்சிஜன், உயிர்ச்செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஆகியவற்றின் துணையோடு நொதி மாற்றும்போது ஒளி பிறக்கிறது. ஏடிபி தேவைப்படுவதால் இறந்த செல் ஒளிர்வதில்லை; இம்முறையின் பெரிய பலம் இதுதான்.

ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் கான்டாக் குழுவினர் 1995இல் ஒளிரும் சால்மோனெல்லா பாக்டீரியாவைச் சுண்டெலிகளுக்குள் செலுத்தி, தொற்றின் போக்கை உடலுக்கு வெளியிலிருந்தே படமெடுத்தனர். அங்கே பயன்பட்டவை பாக்டீரியாவின் ஒளி மரபணுக்கள். இரண்டு ஆண்டுகளில் மின்மினி மரபணு கொண்ட சுண்டெலிகளிலும் அதைச் செய்துகாட்டினர்.

வழக்கமான சோதனையில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 150 மில்லிகிராம் லூசிஃபெரினை எலியின் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்துவார்கள். ஐசோஃபுளுரேன் மயக்கத்தில் கிடக்கும் எலியை, வெளிவெளிச்சம் துளியும் புகாத பெட்டிக்குள், மைனஸ் 90 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கப்பட்ட கேமராவின் கீழ் வைப்பார்கள். பத்து, இருபது நிமிடங்களில் ஒளி உச்சத்தை எட்டும். கறுப்பு ரோமம் ஒளியை விழுங்குவதால் முன்கூட்டியே மழித்துவிடுவது வழக்கம்.

முன்பெல்லாம் ஒவ்வொரு கால அளவுக்கும் ஒரு தொகுதி எலிகளைக் கொன்று திசுக்களைச் சோதிக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரே எலியை வாரக்கணக்கில் தொடரலாம். கொல்லப்படும் விலங்குகள் குறைகின்றன. ஒவ்வொரு எலியும் தனக்குத் தானே ஒப்பீடாக அமைவதால் முடிவும் நம்பகமாகிறது.

ஆழம்தான் தடை. ஹீமோகுளோபின் நீல, பச்சை ஒளியை உறிஞ்சிவிடும். 600 நானோமீட்டருக்கு மேற்பட்ட செவ்வொளியே ஓரளவு தப்பி வெளியே வரும். ஆகவே தோலடிக் கட்டியின் ஒளியையும் கல்லீரலின் ஒளியையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது பிழை. ஜப்பானின் ரிகென் நிறுவனத்தில் உருவான, மிகுந்த ஒளிதரும் அகாலூமின் சேர்மம்–அகாலுக் நொதி இணை, 2018இல் மார்மோசெட் குரங்கின் மூளை ஆழத்திலுள்ள நரம்புச் செல்களையே படம்பிடித்தது.

இன்னும் ஆழத்துக்கு, ஒளிக்குப் பதில் கதிரியக்கத்தைக் கொண்டு படமெடுக்கும் பெட் ஸ்கேன் உதவுகிறது. அம்பாலாவில் பிறந்த சஞ்சீவ் சாம் காம்பீர் லாஸ் ஏஞ்சலிஸில் தம் குழுவினருடன் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அடினோவைரஸ் சுமந்துசென்ற ஹெர்ப்பிஸ் வைரஸ் தைமிடின் கைனேஸ் மரபணு எலியின் கல்லீரலில் செயல்படுவதைக் கதிரியக்க ஃபுளூரின்-18 ஏற்றிய மருந்தால் காட்டினார். நொதி உள்ள செல்லில் மட்டும் அம்மருந்து பாஸ்பேட் ஏற்று உள்ளேயே தங்கிவிடும்.