ஜோகூர் கடற்பாலமும் பொதுப் போக்குவரத்தும்

ஜோகூர் கடற்பாலம் என்பது சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூர் பாருவையும் பிரிக்கும் நீரிணையைக் கடக்கும் தரைவழி. கடற்பாலம் என்று தமிழில் வழங்கினாலும் இது தூண்கள் மேல் நிற்கும் பாலமன்று. கருங்கல்லைக் கொட்டி எழுப்பிய ஒரு கிலோமீட்டர் நீளக் கரை. பேருந்துக்கு இது சில நிமிடத் தூரம். ஆயினும் பயணம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைக் கடப்பிதழ்ச் சோதனைதான் தீர்மானித்து வந்திருக்கிறது.

சிங்கப்பூர் ரயில்பாதை 1903-ல் தீவின் வடகரையை எட்டியது. அங்கிருந்து படகில்தான் அக்கரை சேரவேண்டும். 1909-ல் ஜோகூர் ரயில்பாதையும் முடிந்தபின், சரக்குப் பெட்டிகளையே மிதவையில் ஏற்றி அனுப்பினார்கள். மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும் பெருகப் பெருக மிதவை திணறியது. 1919-ல் கரை கட்டத் தொடங்கினர். கல் வந்தது சிங்கப்பூரின் பூலாவ் உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும். 1923 அக்டோபர் 1 முதல் பயணிகள் ரயில் ஓடியது. முறையான திறப்பு விழா 1924 ஜூன் 28 அன்று நடந்தது. 1942 ஜனவரி 31-ல், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கரையின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. படையெடுத்து வந்த ஜப்பானியர் அதைச் சீக்கிரமே சரிசெய்தனர்.

அக்கரைக்கும் இக்கரைக்கும் கடப்பிதழ் வேண்டியதில்லை என்ற நிலை, 1965-ல் சிங்கப்பூர் தனி நாடான பிறகும் சிறிது காலம் நீடித்தது. 1967-ல் இருபுறமும் குடிநுழைவுச் சோதனை வந்தது. குடும்பத்தில் பாதி அங்கும் பாதி இங்குமாக இருந்தவர்களுக்கு, தமிழர்கள் உட்பட, அன்றுதான் அது எல்லையாயிற்று.

ரயிலின் கதை இன்னும் விசித்திரமானது. 1932-ல் திறந்த தஞ்சோங் பகார் நிலையமும் தண்டவாளமும் சிங்கப்பூருக்குள் இருந்தும் மலேசிய ரயில்வேயின் வசமே இருந்தன. 1998-ல் சிங்கப்பூர் தன் சோதனையைக் கடற்பாலத்தின் சிங்கப்பூர் முனையிலுள்ள உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசிய அதிகாரிகள் தஞ்சோங் பகாரைவிட்டு நகரவில்லை. எனவே வடக்கே போகிறவர் முதலில் மலேசியாவுக்குள் நுழைந்து, பிறகு சிங்கப்பூரின் குறுக்கே பயணம் செய்து, கடைசியில் சிங்கப்பூரைவிட்டு வெளியேறினார்! இந்தத் தலைகீழ் வரிசை 13 ஆண்டுகள் நடந்தது. 2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் இப்ராஹிமே ஓட்டிச் சென்றார்.

இப்போது உட்லண்ட்ஸுக்கும் ஜோகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையத்துக்கும் இடையே 2015 முதல் ‘ஷட்டில் தெப்ராவ்’ ரயில் ஓடுகிறது. ஓட்டம் ஐந்து நிமிடம். கட்டணம் சிங்கப்பூர் பக்கம் 5 வெள்ளி, ஜோகூர் பக்கம் 5 ரிங்கிட். எண் ஒன்று, மதிப்பு ஒன்றல்ல.

பெரும்பாலோர் நம்புவது பேருந்தைத்தான். சிங்கப்பூரின் குவீன் ஸ்திரீட்டில் ஏறினால் 170ஆம் எண் பேருந்து ஜோகூர் பாருவின் லார்க்கின் நிலையம்வரை போகும், ஆனால் ஏறிய வண்டியிலேயே போய்ச் சேர முடியாது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மூட்டை முடிச்சோடு இறங்கி வரிசையில் நின்று, மறுபுறம் அதே எண்ணின் அடுத்த வண்டியைப் பிடிக்கவேண்டும். ஜோகூர் பக்கத்திலும் அப்படியே. பயணச்சீட்டைத் தொலைத்தால் மீண்டும் காசு கொடுக்கவேண்டும். வேலைக்காகத் தினமும் வரும் மலேசியர்கள் விடியுமுன்பே கிளம்புவது இந்த வரிசைகளுக்கு அஞ்சித்தான். 1998-ல் துவாஸில் இரண்டாம் பாலம் திறந்தும் கடற்பாலத்தின் நெரிசல் தீரவில்லை.

கரை வெறிச்சோடிய காலமும் உண்டு: 2020 மார்ச் 18-ல் கொரோனாவால் மலேசியா எல்லையை மூடியபோது. 2021 நவம்பரில் தடுப்பூசி போட்டவர்களுக்காகக் குறிப்பிட்ட சில பேருந்துகள் மட்டும் ஓடின. 2022 ஏப்ரல் 1-ல் பாதை முழுதாகத் திறந்தது.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் இடையே சுமார் 4 கிலோமீட்டருக்கு ஆர்டிஎஸ் என்னும் விரைவு ரயில் அமைக்கப்பட்டு வந்துள்ளது. மணிக்கு ஒவ்வொரு திசையிலும் 10,000 பேரை ஏற்றிச்செல்வது திட்டம். இதில் இரு நாட்டுச் சோதனையும் புறப்படும் நிலையத்திலேயே முடியும். இறங்கும் இடத்தில் கடப்பிதழை வெளியே எடுக்க வேண்டியிராது.