பட்டாணியும் வெள்ளரியும்

பெரிய மனிதர் ஒருவரை அறிய வேண்டுமானால், அவருடைய சொற்பொழிவுகளைவிட அவர் வீட்டுக் கணக்குப் புத்தகமே நமக்கு அதிகம் உதவும். சொற்பொழிவு ஊருக்காகச் செய்வது. கணக்கு தனக்காக எழுதிக்கொள்வது. அதில் அலங்காரம் இராது. அதனாலேயே உண்மை இருக்கும்.

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்ஸன் அப்படி ஒரு புத்தகம் வைத்திருந்தார். மனிதர் யாவரும் பிறப்பில் சமம் என்று 1776-இல் சுதந்திரப் பிரகடனம் எழுதிய அதே கைதான் அதையும் எழுதியது. ஆனால் அதில் அரசியல் பேச்சே இல்லை. எந்த விதை எந்தத் தேதியில் ஊன்றப்பட்டது, எப்போது முளைத்தது, எப்போது சாப்பாட்டு மேஜைக்கு வந்தது என்ற விவரங்கள்தாம். அது தோட்டக் கணக்கு.

முதல் குறிப்பு 1766-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி எழுதப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. ஊதா நிற ஹயாசிந்த் மலரத் தொடங்கியது என்ற ஒரே வரி. மறு வருஷம் பிப்ரவரியில் பட்டாணி விதைத்தார். விதைப்பதற்கு முன் ஐந்நூறு பட்டாணிகளை எண்ணி எடுத்து நிறுத்துப் பார்த்தார். ஒரு பைண்ட் படியில் ஏறக்குறைய 2500 பட்டாணி பிடிக்கும் என்று குறித்துக்கொண்டார்! நம் வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை பட்டாணி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "இவன் உருப்படுவானா?" என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள்.

வர்ஜீனியா மாநிலத்தில், தாம் பிறந்த ஷாட்வெல் பண்ணைக்கு அருகே இருந்த ஒரு குன்றின் உச்சியில் வீடு கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இத்தாலிய மொழியில் 'சிறு மலை' என்று பொருள்படும் மான்டிசெல்லோ என்ற பெயரை அதற்கு வைத்தார். 1768-இல் உச்சியைச் சமன் செய்யத் தொடங்கினார்கள். 1770 பிப்ரவரியில் ஷாட்வெல் வீடு தீக்கிரையாயிற்று. அவருடைய புத்தகங்களும் காகிதங்களும் பெரும்பாலும் சாம்பலாயின. அவ்வருஷ முடிவிலேயே குன்றின்மேல் குடியேறிவிட்டார்.

புதுக் குடித்தனக்காரருக்குப் பருவங்கள் பாடம் கற்பித்தன. குன்றின்மேல் தண்ணீருக்குக் கஷ்டம். கிணறு சில வருஷங்களில் வற்றிப் போகும். வசந்த காலத்தையும் நம்புவதற்கில்லை. 1774-ஆம் ஆண்டு மே மாதம், எல்லாம் தளிர்த்துச் செழித்து நின்ற சமயத்தில், ஒரே இரவில் உறைபனி விழுந்தது. கோதுமை, சோளம், புகையிலை, இளமரங்கள் எல்லாம் கருகின. அதையும் நிதானமாகக் குறித்து வைத்தார்.

தோட்டம் முழு உருவம் பெற்றது அவருடைய முதுமையில்தான். 1809-இல் பதவியை விட்டு வீடு திரும்பியபோது அவருக்கு அறுபத்தைந்து வயது. அதற்குள் குன்றின் தென்சரிவை வெட்டி, ஆயிரம் அடி நீளமும் எண்பது அடி அகலமும் உள்ள ஒரு சமதளத்தை உண்டாக்கியிருந்தார்கள். அதைத் தாங்கி நின்ற கல்சுவர் சில இடங்களில் பன்னிரண்டு அடிக்கு மேல் உயரம். மேலே சதுரம் சதுரமாக இருபத்து நான்கு பாத்திகள். காய்க்கு ஒரு பகுதி, கிழங்குக்கு ஒரு பகுதி, கீரைக்கு ஒரு பகுதி.

கிழவருக்கு அது ஒரு விளையாட்டு மைதானம். பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை, திங்கட்கிழமைதோறும், தையற்காரரின் விரற்கவசம் கொள்ளும் அளவு லெட்டூஸ் கீரை விதை தூவ வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களோடு வருஷாவருஷம் ஒரு பந்தயம் உண்டு: யார் வீட்டு மேஜைக்கு முதலில் பட்டாணி வருகிறதோ, அவர் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். ஜெபர்ஸன் வென்றது அபூர்வம். விதைத்த நாள், மேஜைக்கு வந்த நாள் என்று அட்டவணை போட்டு, பொய்த்துப்போன பயிருக்கு நேரே 'பொய்த்தது' என்று மறைக்காமல் எழுதுவார். அந்த நேர்மையை நாம் மெச்சத்தான் வேண்டும்.

நமக்குப் பழக்கமான காய்கள் சிலவும் அங்கே இருந்தன. வெண்டை பயிரிட்டார். நம் எள்ளின் மீது அவருக்குத் தனி மோகம். 1807-இன் பிற்பகுதியில் யாரோ அனுப்பிய நல்லெண்ணெயை ருசி பார்த்தது முதல், எள் விதைப்பதும், எண்ணெய் பிழியக் கருவி தேடுவதுமாக இருந்தார். வெண்டையும் எள்ளும் அந்த நாட்டுக்கு வந்தது ஆப்பிரிக்க அடிமைகளோடுதான். அதை அவர் அறியாதவர் அல்லர்.

இங்கேதான் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. 'விதைத்தது', 'நட்டது' என்று பக்கம் பக்கமாக இருக்கிறதே, விதைத்தவர் யார்?

சரிவை வெட்டியவர்கள் வேறு பண்ணையிலிருந்து கூலிக்குப் பிடிக்கப்பட்ட அடிமைகள். கூலி அவர்களுக்கு அல்ல, அவர்களின் எஜமானருக்கு! அன்றாடத் தோட்ட வேலையைப் பார்த்தவர்களில் தலையானவர் வோர்ம்லி ஹியூஸ் என்ற அடிமை. மலர்ப் பாத்தி வெட்டும்போது வோர்ம்லி மண்வெட்டியோடு நிற்பார், தாத்தா அளவு நூலைப் பிடித்திருப்பார் என்று பேத்தி ஒருத்தி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தாள். ஜெபர்ஸன் தம் வாழ்நாளில் அறுநூறு பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தார்.

அந்த அடிமைகளுக்கும் தோட்டங்கள் இருந்தன. குடிசையை ஒட்டிய துண்டு நிலம். எஜமானருக்கு உழைத்தது போக, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே பாடுபடலாம். ஆனால் புகையிலை பயிரிடக் கூடாது. அது பண்ணையில் விளையும் பொருள். அடிமையும் அதையே பயிரிட்டால் எது அவர்களுடையது, எது தம்முடையது என்று கோடு கிழிக்க முடியாது என்று 1798-இல் மருமகனுக்கு எழுதினார் ஜெபர்ஸன். மனிதரே தம் உடைமையாயிருக்க, அவர்கள் வளர்த்த செடிக்கு மட்டும் கோடு தேவைப்பட்டது!

அந்தக் கோட்டுக்கு அப்பால் என்ன விளைந்தது என்பது, சரித்திரம் எழுதும் எண்ணமே இல்லாத ஒரு சிறுமியால் நமக்குத் தெரிய வந்திருக்கிறது. ஜெபர்ஸனின் மூத்த பேத்தி ஆன், 1805 முதல் 1808 வரை வீட்டுச் செலவுக் கணக்கு எழுதிவந்தாள். தொடங்கியபோது அவளுக்கு வயது பதினான்கு. அடிமைகளிடமிருந்து இன்று வெள்ளரி, இன்று முட்டைக்கோஸ், இன்று கோழி முட்டை வாங்கியது என்று வரிசையாகப் போகிறது அந்தக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை, விற்றவர் பெயர். ஸ்கொயர், பாக்வெல் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். தாத்தாவின் மாபெரும் பாத்திகளுக்காகக் குன்று வெட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்களில், மாளிகையின் சமையலறைக்குக் குடிசைத் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏறி வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் நிலா வெளிச்சமும் சேர்ந்து விளைவித்த காய்கறி!

1826-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி, பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு நாளன்று, ஜெபர்ஸன் காலமானார். தோட்டத்தில் பாத்தி வெட்டிய வோர்ம்லிதான் அவருக்குக் குழியும் வெட்டினார். கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். 1827 ஜனவரியில் 130 அடிமைகளை ஏலம் விடுவதாக விளம்பரம் செய்யப்பட்டது. வோர்ம்லியை ஜெபர்ஸனின் மகள் அவர் விருப்பப்படி போக விட்டாள். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ஏலத்தில் விற்கப்பட்டார்கள்.

கல்சுவர் சரிந்தது, பாத்திகள் மறைந்தன. 1979-இல் தொடங்கி அகழ்ந்து ஆராய்ந்து தோட்டத்தை மீண்டும் உருவாக்கினார்கள். எந்தப் பாத்தியில் எதை நடுவது என்பதற்கு ஜெபர்ஸனின் புத்தகமே வழிகாட்டியாக உதவியது. அவருடைய பட்டாணி எந்த நாளில் மேஜைக்கு வந்தது என்பதை இன்றும் சொல்ல முடிகிறது. அதற்கு நீர் வார்த்தவர்களின் பெயரைத்தான் சொல்ல முடிவதில்லை. வெள்ளரிக்கு மட்டும் பெயர் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதால், பெயரை எழுத வேண்டியிருந்தது அந்தச் சிறுமிக்கு.