நிழலின் நிறம்

பெண்களுக்கான அழகுக் குறிப்புகளில் தவறாமல் வரும் வரி: 'வெயிலில் அலையாதீர்கள்'. இதை நான் நிலவரலாறாக வாசிக்கிறேன். மேட்டூர் திறந்து தண்ணி வந்தால் தஞ்சையில் குறுவை நடவு. முதுகில் வெயில் வாங்கிச் சேற்றில் நட்டவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். நிழல் மிராசுதார் வீட்டுப் பெண்களுக்கு. ஆக, சிவப்புத் தோல் என்பது உழைக்காமல் சாப்பிட முடிந்ததன் அடையாளம்.

1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25இல் கூலித் தகராறில் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. அந்த நிழலின் நிறம் எல்லோருக்குமான ஆசையாக விற்கப்பட்டது. 2020இல் 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது, குறிப்பு மாறவில்லை.

'கறுப்பும் அழகுதான்'னு சொல்லிட்டா போதுமா? வெயில்ல போகாதேன்னு சொல்றவங்க அவளோட அன்னைக்குக் கூலிக்கு என்ன வழி சொல்றாங்க? அழகு பற்றிய நம் பேச்சு அந்தக் கூலியிலிருந்து தொடங்கட்டும்.