சையது அப்துல் ரகீம்

சையது அப்துல் ரகீம் (ஆகஸ்ட் 17, 1909 – ஜூன் 11, 1963) இந்தியக் காற்பந்துப் பயிற்சியாளரும் பள்ளி ஆசிரியரும் ஆவார். ஐதராபாத்தைச் சேர்ந்த இவர், 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் இந்தியத் தேசியக் காற்பந்து அணிக்குப் பயிற்சி அளித்தார். இவரது பயிற்சியில் இந்திய அணி 1951, 1962 ஆகிய ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. இந்தியாவின் முதல் நவீனக் காற்பந்துப் பயிற்சியாளராக இவர் கருதப்படுகிறார். வீரர்களும் ரசிகர்களும் இவரை ரகீம் சாகிப் என்று மரியாதையுடன் அழைத்தனர்.

இளமையும் கல்வியும்

ரகீம் ஐதராபாத்தில் பிறந்தார். 1918-இல் நிறுவப்பட்ட உசுமானியா பல்கலைக்கழகத்தில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோது பல்கலைக்கழக அணிக்காக விளையாடினார். அக்காலத்தில் ஐதராபாத் நிசாமின் ஆட்சியில் இருந்த தனிச் சமஸ்தானமாகும். கல்லூரி மைதானங்களும் காவல்துறை, இராணுவ அணிகளும் அந்நகரில் காற்பந்தை வளர்த்தன.

படிப்பு முடிந்தபின் ரகீம் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். ஐதராபாத்தின் பல பள்ளிகளில் பணியாற்றினார். உடற்கல்வியில் பட்டயம் பெற்று, விளையாட்டுப் பயிற்சியையும் பள்ளிப் பணியின் ஒரு பகுதியாக மேற்கொண்டார். பிற்காலத்தில் பயிற்சியாளராக இவர் கையாண்ட முறைகள் ஆசிரியரின் முறைகளாகவே இருந்தன. பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல், திரும்பத் திரும்பப் பழக்குதல், ஒவ்வொருவரின் குறையையும் தனித்தனியே கவனித்தல் ஆகியன அவற்றுள் சில.

ஐதராபாத் காவல்துறை அணி

1943-இல் ரகீம் ஐதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். 1950 முதல் இறக்கும் வரை ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளராகவும் இருந்தார். அதுவரை இந்தியக் காற்பந்தின் தலைநகரமாகக் கொல்கத்தாவே விளங்கியது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆகிய கழகங்கள் பெரும் புகழுடன் இருந்தன. அந்நிலையில் ஐதராபாத் காவல்துறை அணி பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1950, 1954 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையையும் கைப்பற்றியது. மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை ஐதராபாத் அணி 1956-57, 1957-58 ஆகிய பருவங்களில் வென்றது.

பயிற்சி முறை

அக்கால இந்திய வீரர்கள் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு எதிரணியினரை ஒவ்வொருவராக ஏமாற்றிச் செல்வதையே திறமையாகக் கருதினர். ரகீம் இதனை மாற்ற முயன்றார். பந்து ஒரு வீரரிடம் நீண்ட நேரம் தங்காமல், ஓரிரு தொடுதல்களில் அடுத்தவருக்குச் செல்ல வேண்டும் என்பது அவரது அடிப்படைக் கொள்கை. இதற்காக இளைஞர்களுக்கு, பந்தை உருட்டிச் செல்லத் தடை விதிக்கப்பட்ட சிறப்புப் போட்டிகளை நடத்தினார். வலிமை குறைந்த காலையும் பயன்படுத்தப் பழக்கினார்.

ஆட்ட அமைப்பிலும் இவர் மாற்றங்களைக் கொண்டுவந்தார். அந்நாளில் 2-3-5 என்ற அமைப்பே இந்தியாவில் பரவலாக இருந்தது. இரண்டு பின்கள வீரர்கள், மூன்று நடுக்கள வீரர்கள், ஐந்து முன்கள வீரர்கள் என்பது இதன் பொருள். இவ்வமைப்பில் தற்காப்பு பலவீனமாக இருந்தது. ரகீம் தற்காப்பில் ஆட்களைக் கூட்டி, முன்கள வீரர் ஒருவரைச் சற்றுப் பின்னால் நிறுத்தி ஆடச்செய்தார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் அணி புகழ்பெறச் செய்த 4-2-4 அமைப்பை ஒத்த முறையை ரகீம் அதற்கு முன்பே கையாண்டார் எனக் காற்பந்து வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

தேசிய அணி

1951 மார்ச்சில் புது தில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், சைலன் மன்னா தலைமையிலான இந்திய அணி இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்ற கோல் கணக்கில் வென்றது. வெற்றிக்கான கோலை சாகு மேவாலால் அடித்தார்.

அடுத்த ஆண்டே பெரும் பின்னடைவு ஏற்பட்டது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்ற கணக்கில் தோற்றது. இந்திய வீரர்களுள் பலர் காலணி இன்றி வெறுங்காலுடன் ஆடினர். இதன்பின் அனைத்திந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பு வீரர்கள் காலணி அணிவதைக் கட்டாயமாக்கியது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் மெல்பேர்ணில் நிலைமை மாறியிருந்தது. முதல் சுற்றில் ஹங்கேரி விலகியதால் இந்தியா நேரடியாகக் காலிறுதிக்குச் சென்றது. டிசம்பர் 1, 1956 அன்று ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டிசூசா அவ்வாட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் காற்பந்தில் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய அணி இதுவே. அரையிறுதியில் யுகோஸ்லாவியாவிடம் 1-4 எனவும், வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 எனவும் இந்தியா தோற்றது.

1960 ரோம் ஒலிம்பிக்கில், அவ்வாண்டு வெண்கலம் வென்ற ஹங்கேரியிடம் 1-2 என்ற நெருக்கமான கணக்கில் தோற்று, பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. பின்னர் பெருவிடம் 1-3 எனத் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது. இந்தியக் காற்பந்து அணி கலந்துகொண்ட கடைசி ஒலிம்பிக் அதுவே ஆகும்.

ஜகார்த்தா, 1962

1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கு முன்னரே ரகீம் நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். நோயுடனேயே அணியை ஜகார்த்தாவுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கு அரசியல் சூழலும் சாதகமாக இல்லை. இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா நுழைவு அனுமதி மறுத்தது. இதனால் இப்போட்டிகளை ஆசிய விளையாட்டுப் போட்டிகள் என அழைக்கக் கூடாது என்று இந்தியாவின் குரு தத் சோந்தி கருத்துத் தெரிவித்தார். இதையடுத்து இந்தியாவுக்கு எதிராக ஜகார்த்தாவில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. மைதானங்களில் இந்திய வீரர்கள் எதிர்ப்பு முழக்கங்களைச் சந்தித்தனர்.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இந்தியா 0-2 எனத் தோற்றது. பின்னர் தாய்லாந்தை 4-1 எனவும் ஜப்பானை 2-0 எனவும் வென்றது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. காயத்துடன் பின்களத்தில் ஆடுவது கடினம் என்பதால், ரகீம் அவரை அரையிறுதியில் முன்கள வீரராக இறக்கினார். தென் வியட்நாமுக்கு எதிரான அவ்வாட்டத்தை இந்தியா 3-2 என வென்றது.

செப்டம்பர் 4, 1962 அன்று, ஏறத்தாழ ஒரு இலட்சம் பார்வையாளர்கள் முன்னிலையில் இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரணி மீண்டும் தென் கொரியா. காய்ச்சலிலிருந்து மீண்டிருந்த பீட்டர் தங்கராஜைக் கோல்காப்பாளராக ரகீம் தேர்ந்தெடுத்தார். பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் முதல் இருபது நிமிடங்களுக்குள் தலா ஒரு கோல் அடித்தனர். சூனி கோஸ்வாமி தலைமையிலான இந்திய அணி 2-1 என வென்றது. அதன்பின் 2023-இல் ஆங்சூ நகரில் நடைபெற்ற போட்டிகள் வரை, ஆசிய விளையாட்டுக் காற்பந்தில் இந்தியா மீண்டும் தங்கம் வெல்லவில்லை.

மறைவு

தங்கம் வென்று ஓராண்டு நிறைவதற்குள், ஜூன் 11, 1963 அன்று தமது 53-ஆம் அகவையில் ரகீம் காலமானார்.

மரபு

ரகீமிடம் பயின்ற வீரர்கள் பலர் பின்னாளில் பயிற்சியாளர்களாயினர். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் பயிற்சியாளர்களுள் பி. கே. பானர்ஜியும் ஒருவர். ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் கேரள அணிக்குப் பயிற்சி அளித்தார். அவ்வணி 1973-இல் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என வென்று முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. ரகீமின் மகன் சையது சாகித் அக்கீமும் (இறப்பு 2021) ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர். பின்னர் பயிற்சியாளராகவும் பன்னாட்டு நடுவராகவும் விளங்கினார். மெல்பேர்ண், ரோம் ஒலிம்பிக்குகளில் ஆடிய துளசிதாஸ் பலராமும் (இறப்பு 2023) ஐதராபாத்தில் ரகீமின் பயிற்சியில் உருவானவரே.

சிறந்த பயிற்சியாளர்களுக்கு இந்திய அரசு வழங்கும் துரோணாச்சாரியர் விருது, ரகீம் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின்னர், 1985-இல்தான் நிறுவப்பட்டது. பொதுமக்களிடையே நீண்டகாலம் அறியப்படாதிருந்த இவரது வாழ்க்கையைத் தழுவி 2024 ஏப்ரலில் மைதான் என்ற இந்தித் திரைப்படம் வெளிவந்தது. அமித் சர்மா இயக்கிய இப்படத்தில் அஜய் தேவ்கன் ரகீமாக நடித்தார். ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார்.