பிடி அரிசியும் பள்ளிக்கூடமும்

உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, அடுக்களை மூலையில் இருக்கும் தனிக் கலயத்தில் போட்டுவிட்டு, மிச்சத்தைக் களைவது. பிடி அரிசி என்ற வழக்கம் அவ்வளவுதான். சேர்ந்த அரிசியை வாங்கிப்போக முறை வைத்து ஆள் வருவார். அதை விற்ற காசு ஊர்ப்பொதுவான ஒரு காரியத்துக்குப் போகும். விருதுநகரில் அந்தக் காரியம் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. 1880-களில் நாடார் சமூகத்தார் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, வணிகத்தில் பிடித்த மகமைப் பணத்தாலும் வீடுதோறும் சேர்ந்த பிடி அரிசியாலும் நடந்தது. பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கவில்லை. 1903-இல் பிறந்து, ஆறு வயதில் தகப்பனை இழந்த காமராஜ் என்ற சிறுவன் படித்தது அங்கேதான். பன்னிரண்டு வயதுவாக்கில் படிப்பு நின்று மாமன் துணிக்கடையில் உட்கார்ந்த அவர்தான், பின்னாளில் முதலமைச்சராகி ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சோறு போட்டார். இதை ஒரு சுவையான தற்செயலாகச் சொல்லிக் கடந்துவிடுவது எளிது. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத ஓர் உண்மை இதில் இருக்கிறது.

தமிழ்நாட்டு ஊர்ப் பள்ளிகளின் கதையை நாம் கொடையின் கதையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். இன்னார் நிலம் தந்தார், இன்னார் கட்டடம் கட்டினார், இன்னார் பெயரில் அறக்கட்டளை. கல்வெட்டும் அப்படித்தான் பேசும். பள்ளி வாசலில் பதித்த சலவைக்கல்லும் அப்படித்தான் பேசும். ஆனால் நீடித்தது எது, நின்றுபோனது எது என்று பிரித்துப் பார்த்தால் வேறொரு கணக்கு வருகிறது. மனம் உவந்து ஒருமுறை கொடுத்தது பெரும்பாலும் கொடுத்தவர் காலத்தோடு மெலிந்தது. எல்லோர் மீதும், சிறிதாக, தவறாமல் விழுந்த கடமைதான் பள்ளியைத் தாங்கியது. பிடி அரிசியைத் தானம் என்கிறோம். அது நடந்த விதத்தைப் பார்த்தால் வரிக்குத்தான் அது நெருங்கிய உறவு.

இந்த முறையின் வேர் களத்துமேட்டில் இருக்கிறது. பணம் அரிதாகவும் நெல்லே செலாவணியாகவும் இருந்த காலத்தில், அறுவடைக் குவியலைப் பங்கிடும் முன்பே ஊருக்கு உழைப்பவர்களின் பங்கை அளந்து ஒதுக்கிவிடுவார்கள். மேரை என்றும் சுதந்திரம் என்றும் அதற்குப் பெயர். தலையாரி, நீர் பாய்ச்சுபவர், தச்சர், கொல்லர், வண்ணார், கணக்கர் என்று நீளும் அந்த வரிசையில் சில ஊர்களில் பள்ளி நடத்திய வாத்தியாருக்கும் இடம் இருந்தது. அது அரசன் விரும்பித் தந்ததும் அல்ல, மிராசுதார் இரங்கித் தந்ததும் அல்ல. விளைச்சல் வந்தால் பங்கு உண்டு என்பது ஊர்க்கட்டு. இதற்கு மேல்தட்டில் இன்னொரு வடிவம் இருந்தது. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர் பயின்ற ஒரு கல்லூரிக்கு நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லைக் கணக்கிட்டு, அதற்காக 45 வேலி நிலத்தை ஒதுக்குகிறது. படிக்கிறவனுக்குச் சோறு வேண்டும், சோற்றுக்கு நிலம் வேண்டும் என்ற தெளிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. ஆனால் அங்கே படித்தது வேதம், படித்தவர் அந்தணர். அந்த நெல்லை விளைவித்தவரின் பிள்ளைக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

கடமையாக வந்த பங்கு தளர்ந்த இடத்தில் என்ன ஆனது என்பதற்குச் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ விட்டுப்போன பதிவு சாட்சி. 1822-இல் அவர் கேட்டு, மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய கணக்குகளைத் தொகுத்து 1826-இல் எழுதிய குறிப்பில், மாகாணம் முழுதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகச் சொல்கிறார். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இந்தத் தொகையை எடுத்துக்காட்டி, வெள்ளையன் வருமுன் நம் ஊர்கள் கல்வியில் நிறைந்திருந்தன என்று பெருமை கொள்வோர் உண்டு. அதே குறிப்பு இன்னொன்றையும் சொல்கிறது: பிள்ளைக்கு மாதம் நான்கு முதல் எட்டணா வரை வாங்கிப் பிழைத்த திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் தேறவில்லை, இந்த வருமானத்துக்குத் தகுதியானவர்கள் வரமாட்டார்கள். கொடுக்க முடிந்த வீட்டுப் பையன் படித்தான். பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம். வாத்தியார் பெற்றோரின் கையை எதிர்பார்த்து நின்றார். பள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் செழிப்பு. அவற்றைத் தாங்கிய வருமானத்தைப் பார்த்தால் வறுமை.

இந்தப் பின்னணியில்தான் மகமையின் அருமை விளங்கும். வணிக ஊர்களில் பேட்டைக்கு வந்த சரக்கின் மீது இவ்வளவு என்று பிடித்து, உறவின்முறை என்ற தங்கள் சாதிச் சபையின் பொதுநிதியில் நாடார்கள் சேர்த்தார்கள். அதிகம் வணிகம் செய்தவர் அதிகம் கொடுத்தார். வணிகம் இல்லாத வீடும் விலகி நிற்கவில்லை; அதன் பங்கு பிடி அரிசி. கொடுத்தவர் எல்லோரும் உறவின்முறைக் கூட்டத்தில் கணக்குக் கேட்கும் உரிமை பெற்றார்கள். இதைச் செய்தவர்கள் அன்று கோயிலுக்குள் நுழையவும் உரிமை மறுக்கப்பட்டவர்கள். கமுதிக் கோயில் வழக்கு பிரிவி கவுன்சில்வரை போய் 1908-இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ந்தது. பிறர் கதவு திறப்பார்கள் என்று காத்திருக்க முடியாத நிலையில், தங்கள் மீது தாங்களே வரி போட்டுக்கொண்டு பள்ளி கட்டினார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இது ஒரு சாதி தனக்காகச் செய்துகொண்டது. கட்ட மறுத்தவரை உறவின்முறை கண்டிக்கவும் செய்தது. இதையா ஊர்ப்பொதுவுக்கு முன்மாதிரி என்பது? மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பள்ளி பிற சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் தந்தது என்றாலும், மகமையின் எல்லை சாதியின் எல்லைதான். வணிகம் செழித்த சமூகம் தன் பிள்ளைகளைக் கரையேற்றியது; ஒதுக்குவதற்கு ஒரு பிடியும் மிஞ்சாத சேரிக்கும் மலையூருக்கும் அந்த வழி திறக்கவில்லை. ஆனால் இந்த மறுப்பு முறையைச் சாய்க்கவில்லை. அதன் எல்லையைத்தான் காட்டுகிறது. எல்லோரும் தங்களால் இயன்ற அளவில் கட்டாயமாகக் கொடுத்து, எல்லோர் பிள்ளைகளும் பயன்பெற வேண்டும் என்றால், அதற்குச் சாதியைவிடப் பெரிய உறவின்முறை வேண்டும். குடியரசில் அதற்குப் பெயர் அரசு.

அரசு அந்த இடத்துக்கு ஒரே பாய்ச்சலில் வரவில்லை. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவ, ஐந்து பள்ளிகளில் 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை இரண்டே ஆண்டில் 1,671 ஆனது. பசியே பல பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியிருந்தது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக்கூடாதென்று ஆங்கில அரசு தடுக்க, 1925-இல் சிற்றுண்டி நின்றது. பிறகு சுருங்கிய அளவில் மீண்டது. கடமை என்று எழுதப்படாத நல்ல காரியம் ஓர் ஆணையில் நின்றுவிடும் என்பது அன்றைய பாடம்.

1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் இந்தப் பாடத்தையும் விருதுநகர்ப் பாடத்தையும் ஒன்றாகக் கட்டியது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு திட்டத்தை முதலில் ஊர்களிடமே கொண்டுபோனார். அரிசி, பருப்பு, காய், விறகு என்று கிடைத்ததைச் சேர்த்து உள்ளூர்க் குழுக்கள் உலை வைத்தன. நிதித்துறையினர் கேட்ட கேள்விகளைத் தாண்டி 1957 இறுதியில் அரசு மானியம் வந்தது. சாப்பாடு ஒன்றுக்குப் பத்து காசு. அதில் ஆறு காசு அரசுடையது, நான்கு காசு ஊருடையது. 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இந்த உறவை விரித்தன. மனை, கட்டடம், நாற்காலி, கடிகாரம், தண்ணீர்த் தொட்டி, சீருடை என்று பள்ளிக்கு இன்னது இல்லை எனப் பட்டியல் எழுதி ஊர்முன் வைக்க, மாநாட்டு மேடையில் ஊரார் பங்கேற்றுக்கொண்டார்கள். கொடையாளிக்கு மாலை போட்டதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதைவிட முக்கியமானது பட்டியல். கொடுப்பவர் விரும்பியதை அல்ல, பள்ளி கேட்டதைக் கொடுப்பது என்று ஆக்கியது அதுதான்.

ஆனால் நான்கு காசு எல்லா ஊரிலும் ஒன்றுபோல் திரளவில்லை. நஞ்சை ஊருக்கு அது எளிது. மானாவாரி ஊருக்கு, அதுவும் மழை பொய்த்த ஆண்டில், மலை. சோறு மிக வேண்டிய ஊரிலேயே பானை வறண்டது. 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் தந்த பால்மாவும் எண்ணெயும் இடைவெளியை ஓரளவு நிரப்பின. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிச் சமையல் செலவு முழுவதையும் தன் வரவு செலவில் ஏற்றபோது, இது ஓட்டுக்கான செலவு, பள்ளி சாப்பாட்டுக் கூடமாகிவிடும் என்று படித்தவர்கள் பலர் சொன்னார்கள். கேள்வி தவறானதல்ல; பதிலைக் காலம் சொன்னது. 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டுமென்று ஆணையிட்டது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக எழுதியது. ஓட்டுக்காகவே வந்ததென்று வைத்துக்கொண்டாலும், எந்த ஆட்சியும் எடுக்கத் துணியாத ஒன்றாக அது நிலைத்ததுதான் அதன் வெற்றி.

உணவு விளைவிப்பதைப் பள்ளியோடு சேர்த்த முயற்சிகளுக்கும் இதே உரைகல் பொருந்தும். 1937 வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, பயிர்த்தொழிலும் நூற்பும் வழியாகவே பாடம் நடக்கட்டும் என்றது. கையையும் மூளையையும் பிரித்த ஏட்டுக் கல்விக்கு அது சரியான மறுமொழி. ஆனால் பிள்ளைகள் செய்த பொருளின் வருமானத்தில் பள்ளி நடக்கலாம் என்ற பகுதி, ஊர் சுமக்க வேண்டியதைச் சிறுவர் தோளில் வைத்தது. 1953-இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றபோது குலக்கல்வி என்ற எதிர்ப்பு எழுந்து, மறு ஆண்டு காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. வயலைப் பள்ளிக்குள் கொண்டுவருவது கல்வி. பிள்ளையைப் பள்ளியிலிருந்து வயலுக்கு அனுப்புவது வேறு. இன்றைய பள்ளிக் காய்கறித் தோட்டம் முதல் வகை. கீரை, முருங்கை, அவரை, பப்பாளி என்று சத்துணவுத் தட்டில் குறைவதை அது நிரப்ப முடியும். 2019-இல் மத்திய அரசு அதற்கு வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. ஆனால் பெரும்பாலும் அது ஒரே ஆசிரியரின் ஆர்வத்தில் முளைக்கிறது. அவர் மாறுதலாகிப் போனால், அல்லது சித்திரை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டால், காய்ந்துவிடுகிறது. நீர் பாய்ச்சுபவனுக்குக் களத்தில் பங்கு வைத்த பழைய ஊர் இந்தத் தவறைச் செய்யவில்லை.

எல்லாவற்றையும் அரசே பார்த்துக்கொண்டால் ஊருக்கு வேலை என்ன, மக்களின் ஈகைக் குணமே மங்கிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பணம் கொடுப்பது மட்டும்தான் ஊரின் வேலை என்று எண்ணினால்தான் அந்தக் கவலை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஒரு பகுதியினர் தடுத்தார்கள். அவரை முதலில் இடமாற்றம் செய்த நிர்வாகம், எதிர்ப்பு எழுந்த பின்பே அதைத் திரும்பப் பெற்றது. சமையல் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லியிருந்தது. அந்த உணவு ஊர்க்கொடையில் நடந்திருந்தால், கொடுக்கும் கையே சமைக்கும் கையையும் தீர்மானித்திருக்கும். உரிமையாக இருந்ததால்தான் எதிர்த்து நிற்க ஒரு தரை இருந்தது. ஊரின் இன்றைய வேலை அந்தத் தரையைக் காப்பது: கல்வி உரிமைச் சட்டம் தந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து கணக்குக் கேட்பது, பருப்பின் தரம் பார்ப்பது, தோட்டத்துக்குத் தண்ணீர் உறுதிசெய்வது.

கொடை வேண்டாம் என்பதல்ல முடிவு. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தில் நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் தருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தப் பணம் கடம்பத்தூரில் செய்ததுபோல் பள்ளி எழுதிய பட்டியலுக்குப் போக வேண்டும். ஒருமுறை தரும் லட்சத்தைவிட மாதந்தோறும் தவறாத நூறு ரூபாயை மதிக்கக் கற்க வேண்டும். சோறும் ஆசிரியர் சம்பளமும் ஒருநாளும் அந்தப் பட்டியலில் ஏறக்கூடாது. பிடி அரிசி போட்ட கலயத்தில் யார் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. அந்த அரிசியில் நடந்த பள்ளி ஒரு முதலமைச்சரைத் தந்தது.